வீண் படிப்பா, வீண் வாதமா?

லிட்டில் இந்தியாவில் அண்மையில் நடந்த உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டம் ஒன்றில் நம் சமூகத்தில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர் பேசினார். தொடக்கக்கல்லூரியும் பலதுறைத் தொழிற்கல்லூரியும் முடித்த பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், உபகாரச் சம்பளம் வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. பெண்ணியலும் பாலினக் கல்வியும் வீண் படிப்பு என்று அவர் அங்கே அறிவித்தார். அதோடு நிற்கவில்லை. இத்தகைய பாடங்களை எடுக்கும் பிள்ளைகளுக்குச் சமூகத்தின் பணத்திலிருந்து உதவித்தொகை தரக்கூடாது என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். கைதட்டலும் கிடைத்தது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் சொன்னதைத் தேக்கா காப்பிக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நாளும் கேட்கிறோம். என் பதில் அந்த வாதத்துக்கு. ஆனால் மேடையில் நின்று, பிள்ளைகளின் முகத்துக்கு நேரே, உதவித்தொகையை நிறுத்தச் சொன்னது அவர்தான். அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க மாட்டேன்.

அவருடைய வாதத்தை உள்ளபடி சுருக்கித் தருகிறேன். ஒன்று, இந்தப் படிப்பு சோறு போடாது. இரண்டு, சிங்கப்பூரில் பெண்களுக்கு இனிக் குறையேதும் இல்லை. 1961-லேயே மாதர் சாசனம் வந்துவிட்டது, பெண்கள் பட்டம் பெறுகிறார்கள், ஒரு பெண் அதிபராகவும் இருந்துவிட்டார். மூன்று, இது மேற்கத்தியச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது. நான்கு, இது கல்வியே இல்லை, கிளர்ச்சி, குடும்பத்தைக் கெடுக்கும். நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை.

சோற்றுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அரங்கிலிருந்த பெற்றோரின் மனத்தில் தைத்தது அதுதான். டாக்சி ஓட்டியும் துப்புரவு வேலை பார்த்தும் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டில் அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. அந்த நியாயமான கவலையின் மேல் அவர் ஒரு பொய்ச் சித்திரத்தைத் தீட்டினார்: நான்கு ஆண்டும் பாலினக் கல்வியை மட்டும் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் இது பெரும்பாலும் துணைப்பாடம். சமூகவியல், புவியியல், இலக்கியம், வரலாறு ஆகிய துறைகளுக்குள் தனித்தனிப் பாடங்களாகவும் கற்பிக்கப்படுகிறது. மாணவி தன் முதன்மைப் பட்டத்தோடு இதைச் சேர்த்துப் படிக்கிறாள். இதைக்கூட விசாரிக்காமல் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வந்தார் அவர். இது வழிகாட்டுதல் இல்லை, வழிமறிப்பு.

இந்தத் துறையில் உழைத்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்றும் அவர் பார்க்கவில்லை. ஏலின் வோங் சமூகவியல் பேராசிரியர். சிங்கப்பூர்ப் பெண்களைப் பற்றி 1975-லேயே நூல் எழுதியவர். 1984 தேர்தலில் நாடாளுமன்றத்துக்குச் சென்ற மூன்று பெண்களில் ஒருவராகி, பின்னர் சுகாதார அமைச்சிலும் கல்வி அமைச்சிலும் மூத்த துணை அமைச்சரானார். நோலீன் ஹேசர் இங்கே சமூகவியல் படித்தவர். தென்கிழக்காசியாவின் உழைக்கும் பெண்களை ஆராய்ந்து எழுதியவர். 1994-ல் ஐக்கிய நாடுகளின் பெண்கள் மேம்பாட்டு நிதியத்துக்குத் தலைவரானார். 2007-ல் ஐநாவின் ஆசிய பசிபிக் ஆணையத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண்ணும் அவரே. சிங்கப்பூர் உலகுக்குக் கொடுத்த மிக உயர்ந்த அதிகாரிகளில் ஒருவர் எதைப் படித்து அந்த இடத்துக்குப் போனார் என்று அரங்கிலிருந்த பெண்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைய வேலைச் சந்தை என்ன கேட்கிறது என்றும் பார்ப்போம். 2024 டிசம்பரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கேட்பதற்கான முத்தரப்பு நெறிகள் நடப்புக்கு வந்தன. 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பால், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றைக் காட்டி ஊழியரை ஒதுக்குவதற்கு எதிரான சட்டம் அது. 2025 ஏப்ரல் முதல் பிறந்த பிள்ளைகளின் தந்தையருக்கு நான்கு வார விடுப்பு கட்டாயம். நிறுவனங்களின் மனிதவளப் பிரிவிலும் மருத்துவமனையிலும் சட்ட அலுவலகத்திலும் குடும்பச் சேவை நிலையத்திலும் இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். கர்ப்பிணி ஊழியரின் பதவி உயர்வு ஏன் தள்ளிப்போகிறது, தந்தையர் ஏன் விடுப்பை முழுதாக எடுப்பதில்லை என்று முறையாகக் கேட்கப் பயின்றவருக்கு இங்கே வேலை இருக்கிறது.

‘சந்தைக்கு வேண்டாத படிப்பு’ என்பது ஏற்கெனவே ஓர் அரசாங்கம் பயன்படுத்திய காரணம். 2018 அக்டோபரில் ஹங்கேரி அரசாங்கம் பாலினக் கல்வி முதுகலைப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை இதே காரணத்தைச் சொல்லி நீக்கியது. புடாபெஸ்டின் அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு தொடங்கியதே 2017-ல்தான். முதல் அணி படித்து முடிக்கவில்லை. அங்கிருந்து ஒருவர்கூட வேலை தேடி வெளியே வரவில்லை. அதற்குள் சந்தைக்கு அவர்கள் வேண்டாம் என்று அரசாங்கம் முடிவுகட்டிவிட்டது. சந்தையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் சந்தையின் வாக்குமூலத்துக்குக் காத்திருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

படிப்பின் பயனைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சோல்பிடெம் என்பது பரவலாகப் புழங்கும் தூக்க மாத்திரை. அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது, காலையில் கார் ஓட்டும் நேரத்திலும் இரத்தத்தில் தங்கியிருக்கிறது என்பதால், பெண்களுக்கான பரிந்துரை அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-ஆக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் பாதியாக்கியது. இடையில் 21 ஆண்டுகள். மருந்தை யாருடைய உடலில் சோதித்தீர்கள் என்ற கேள்வியைப் பெண்கள் இயக்கமும் பெண்ணியல் ஆய்வாளர்களும் விடாமல் கேட்டதால்தான் 1993-ல் அமெரிக்க மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற சட்டமே வந்தது. உழைப்புச் சந்தையில் பெண்களின் நிலையை இருநூறு ஆண்டுத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்த கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. வீண் என்று சொல்வதற்கு முன் இவற்றையெல்லாம் படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். மாதர் சாசனம் பெரிய சாதனை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது தானாக வந்ததுபோல் அவர் பேசினார். பம்பாயில் பிறந்து 1950-ல் சிங்கப்பூர் வந்த ஷிரின் ஃபோஸ்டாரும் அவருடைய தோழியரும் 1952-ல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கி, ஒருதார மணச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் மனு எழுதினார்கள், அரசியல்வாதிகளின் கதவைத் தட்டினார்கள். மக்கள் செயல் கட்சிக்குள் சான் சோய் சியோங் போராடினார். சாசனம் ஒருதார மணத்தைச் சட்டமாக்கும் முன் இந்த ஊரில் ஓர் இந்து ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை வைத்துக்கொள்ளச் சட்டம் தடை சொல்லவில்லை. ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வாழ்ந்தவர்களின் கதை நம் பழைய குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அன்று அந்தப் பெண்களிடமும், இது குடும்பத்தைக் கெடுக்கும் வேலை என்றுதான் சொன்னார்கள்.

1961-க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? சான் சோய் சியோங் 1970-ல் ஓய்வுபெற்ற பின் 1984 வரை நம் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. 1979 முதல் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் பெண்களுக்குக் கிடையாது என்று விதி இருந்தது. பெண் மருத்துவர்கள் திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காமல் வேறு துறைக்குப் போன பெண்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். விதி நீங்கியது 2003-ல். வெளிநாட்டவரை மணந்து திருச்சியிலோ தஞ்சாவூரிலோ பிள்ளை பெற்ற சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் தன் குடியுரிமையை வம்சாவளியாகப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது என்ற நிலை 2004 வரை நீடித்தது. அதே இடத்தில் ஆண் கொடுக்க முடிந்தது. அரசாங்க வேலையிலிருக்கும் பெண் தன் குடும்பத்தாருக்கு ஆண் ஊழியரைப்போல் மருத்துவச் சலுகை பெற்றது 2005-ல். மனைவியை வல்லுறவு செய்யும் கணவனுக்குச் சட்டத்திலிருந்த பாதுகாப்பு முழுதாக நீங்கியது 2020 ஜனவரி முதல் தேதியில். மாதர் சாசனம் வந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். மனிதவள அமைச்சும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பொருளியலாளரும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018-ல் முழுநேர ஊழியர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த இடைநிலைச் சம்பள வேறுபாடு 16.3 விழுக்காடு. வயது, கல்வி, தொழில், துறை, வேலை நேரம் ஆகியவற்றைக் கணக்கிலெடுத்த பிறகும் 6 விழுக்காடு மிஞ்சியது. ஒரு பெண் அதிபரானார் என்பது உண்மை, பெருமைக்குரிய உண்மை. அது இந்த 6 விழுக்காட்டுக்கு விளக்கம் ஆகாது.

சம்பளத்தோடு பிள்ளைப்பேற்றையும் பார்ப்போம். லிட்டில் இந்தியாவின் ஓரத்திலேயே நிற்கும் கேகே மருத்துவமனையின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் ஒரே ஆண்டில் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகச் சாதனை என்று பதிவாயிற்று. அதே ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1972-ல் ‘இரண்டு போதும்’ இயக்கம். 1983-ல் பட்டதாரிப் பெண்கள் போதிய பிள்ளை பெறவில்லை என்று பிரதமர் லீ குவான் இயூ தேசிய தினப் பேரணி உரையில் கவலை தெரிவித்தார். 1984-ல் மூன்று பிள்ளை பெறும் பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. அதே 1984-ல், ஓ லெவல் தேறாத, குறைந்த வருமானக் குடும்பத்து இளம் தாய் இரண்டு பிள்ளைக்குள் நிறுத்திக் கருத்தடை செய்துகொண்டால் அவளுக்கு 10,000 வெள்ளி ஊக்கத்தொகை. படித்தவளைப் பெறச் சொன்னார்கள். படிக்காதவளை நிறுத்தச் சொன்னார்கள். பட்டதாரித் தாய்மார் திட்டம் மக்களின் எதிர்ப்பால் 1985-ல் கைவிடப்பட்டது. 1987-ல் வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல் பெறுங்கள் என்று முழக்கமே மாறியது.

ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள் ஒரு பெண்ணின் கருப்பையைப் பற்றி நாடு இத்தனை முறை கருத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களை உடம்பில் தாங்கியவர்கள் யார், அவர்களுடைய வர்க்கம் என்ன, இனம் என்ன என்று கேட்பது நாட்டு வரலாற்றின் ஒரு பகுதி இல்லையா? அப்படிக் கேட்டு ஜெரல்டின் ஹெங்கும் ஜனதாஸ் தேவனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1992-ல் வெளியானது. இன்றும் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாலினக் கல்வி மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். முன்னாள் அதிபர் தேவன் நாயரின் மகனான ஜனதாஸ் தேவன் பின்னாளில் சிங்கப்பூர் அரசாங்கத் தொடர்புத் துறையின் தலைவரானார். இத்துறையில் எழுதுகிறவர்கள் எல்லாரும் நாட்டுக்கு எதிரான கிளர்ச்சிக்காரர்கள் என்ற பேச்சு இந்த ஓர் உண்மையிலேயே அடிபட்டுப் போகிறது. இந்த ஊரின் முதன்மையான பெண்கள் அமைப்பான அவேர் தோன்றியதும் பட்டதாரித் தாய்மார் விவாதத்திலிருந்துதான். 1984-ல் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில் கூடிய பெண்கள் 1985-ல் அதைத் தொடங்கினார்கள்.

மூன்றாவது வாதம் என்னை மிகவும் கோபப்படுத்தியது, ஏனென்றால் அது நம் சொந்த வரலாற்றையே நம்மிடமிருந்து பறிக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் கைம்பெண் மறுமணமும் மணவிலக்கு உரிமையும் கேட்டுத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932-ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935-ல் தமிழ் முரசைத் தொடங்கினார். 1936-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை அம்பலப்படுத்தி நாவல் எழுதினார். 1943 அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் லட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அங்கே துப்பாக்கி ஏந்தினார்கள். இந்தப் பெண்கள் யாரும் மேற்கத்தியப் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டு வரவில்லை.

ஆய்வுத் துறையாகவும் இது நம்மவர்களின் உழைப்பில் வளர்ந்தது. இந்திய அரசு அமைத்த குழு 1974-ல் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையைக் கொடுத்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901-ல் 972 பெண்கள் இருந்தது 1971-ல் 930-ஆகக் குறைந்திருந்ததை அது நாட்டின் முன் வைத்தது. சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் சம உரிமை கொடுத்த பிறகும் பெண்களின் விகிதம் குறைந்துகொண்டே போனது என்ற அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் இந்தியாவில் பெண்ணியல் பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்தது. எண்ணிப் பார்த்திராவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. உசிலம்பட்டிப் பகுதியில் பெண்சிசுக் கொலை 1986-ல் நாடறிய வெளிப்பட்டதும், 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் தமிழ் மண்ணில் நடந்தவை. தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றி அம்பை 1984-ல் ஆய்வு நூல் வெளியிட்டார். 1988-ல் பெண்களின் வாழ்க்கைப் பதிவுகளைச் சேகரிக்கும் ஸ்பாரோ காப்பகத்தை மும்பையில் நிறுவினார். யாழ்ப்பாணத்தில் சித்திரலேகா மௌனகுரு 1986-ல் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். கொழும்பில் செல்வி திருச்சந்திரன் பெண்ணிய ஆய்வுக்கென்றே ‘நிவேதினி’ என்ற தமிழ் இதழை நடத்தினார். தமிழிலேயே இத்தனை நடந்திருக்க, தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் இதை அந்நியம் என்று தள்ளுவது அறியாமை.

எது மேற்கத்தியச் சரக்கு என்றும் சொல்கிறேன். கணவன் மனைவியை வல்லுறவு செய்தால் குற்றமில்லை என்ற விதியை நம் முன்னோர் யாரும் எழுதவில்லை. மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து 1871-ல் சிங்கப்பூரும் அடங்கிய தொடுவாய்க் குடியேற்றங்களின் சட்டப் புத்தகத்துக்குள் அது ஏறியது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுப் புதிய தண்டனைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்து வைத்ததைப் பண்பாடு என்று காப்பாற்றுவதும், அதை எதிர்த்து நம் பெண்கள் கேட்ட கேள்வியை மேற்கத்தியம் என்று விரட்டுவதும் ஒரே வாய் பேசக்கூடியவை இல்லை.

நான்காவது, குடும்பம் கெடும் என்பது. இந்தப் படிப்பில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று அவர் ஒரு மாணவியிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்குக் கிடைத்த பயிற்சி இது: வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அரைமணி அரைமணியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். அப்பா, அம்மா, பாட்டி, தான் என்று நான்கு பத்தி போட்டுக்கொண்டாள். அப்பாவின் பத்தி எளிதாக நிரம்பியது. அம்மாவின் பத்தியில் இடம் போதவில்லை. ஒன்பதரை மணிக்குக் குழம்பு கொதிக்கிறது. அதே அரைமணியில் அம்மா பாட்டியின் ஒரு வாரத்து மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் பிரித்துப் போடுகிறார், டியூஷன் ஆசிரியருக்குச் செய்தி அனுப்புகிறார், பலதுறை மருந்தகத்துச் சந்திப்புத் தேதியை மாற்றுகிறார், மாலைக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்ற பழைய நோட்டைத் தேடுகிறார். மாணவி அம்மாவின் பத்திக்குள் ‘கூடவே செய்த வேலை’ என்று இன்னொரு பத்தியைச் சேர்க்க வேண்டியிருந்தது. காலப் பயன்பாட்டு ஆய்வுகளில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று வகுப்பில் அறிந்துகொண்டாள்.

அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினாள். குடும்பம் உடையவில்லை. பாட்டியின் மாத்திரைப் பெட்டியும் மருந்தகச் சந்திப்பும் அப்பாவின் பொறுப்புக்கு மாறின. இதே முறையில் இந்தியா 2019-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவது தெரிந்தது. தமிழ்நாடு 2023 செப்டம்பரில் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை கொடுக்கத் தொடங்கியபோது, அதை உதவி என்னாமல் உரிமை என்றது இந்தக் கணக்கு ஏற்கப்பட்டதால்தான். சிங்கப்பூரின் கருவள விகிதம் 2023-ல் 0.97-க்கு இறங்கியது. இளம் தம்பதிகள் பிள்ளை பெறத் தயங்குவதன் காரணங்களில் அப்பாவின் பத்திக்கும் அம்மாவின் பத்திக்கும் உள்ள வேறுபாடும் ஒன்று. குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அதை ஆராயும் படிப்பைத்தான் முதலில் ஆதரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். நம் சமூகம் பேசத் தயங்குவது. 2016 ஜூலையில் பீஷானில் ஒரு வீட்டில் மியன்மாரைச் சேர்ந்த இல்லப் பணிப்பெண் இறந்தார். வேலைக்கு வந்தபோது 39 கிலோ இருந்தவர் இறக்கும்போது 24 கிலோ. பட்டினி போட்டு, அடித்து, வதைத்துக் கொன்ற முதலாளியம்மா நம் இனத்தவர். 2021-ல் அவருக்கு 30 ஆண்டு சிறை. மருத்துவப் பரிசோதனையின்போது பணிப்பெண்ணின் எடையையும் சந்தேகத்துக்குரிய காயங்களையும் மருத்துவர் கவனித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்ற கடுமையான விதி அந்த ஆண்டில்தான் வந்தது. இந்த ஊரில் ஏறத்தாழ 3 லட்சம் இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். வேலை நியமனச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வார ஓய்வுநாளே 2013-ல்தான் விதியாயிற்று.

படித்த பெண்கள் வேலைக்குப் போவதற்காக 1978-ல் தொடங்கிய அந்தப் பணிப்பெண் ஏற்பாடு, ஒரு வீட்டின் சமையலறைச் சுமையை இன்னொரு நாட்டுப் பெண்ணின் தோளுக்கு மாற்றியது. இதை நம் ஊர்ப் புவியியலாளர்கள் பிரெண்டா இயோவும் ஷிர்லினா ஹுவாங்கும் 1990-களிலிருந்து ஆராய்ந்து எழுதிவந்திருக்கிறார்கள். புவியியலின் உயரிய அனைத்துலகப் பரிசான வோட்ரின் லூட் 2021-ல் பிரெண்டா இயோவுக்குக் கிடைத்தது. பெண்ணுக்கு எதிராகப் பெண்ணே எப்படி அதிகாரம் செலுத்துகிறாள், பூட்டிய கதவுக்குள் நடப்பதைச் சட்டம் ஏன் காணத் தவறுகிறது என்று கேட்பது பாலினக் கல்விதான். இது ஆண்களைத் திட்டும் படிப்பு என்பவர்களுக்கு இதுவே பதில். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நம் பிள்ளைகள் முறையாகப் படித்துப் புரிந்துகொள்வதில் நமக்கு என்ன நட்டம்? படிக்காமல் இருந்தால் யாருக்கு இலாபம்?

இத்துறையின் மேல் சொல்லப்படும் குறைகளில் ஒன்றே ஒன்றை ஏற்கிறேன். இத்துறை நூல்களில் சில, சாதாரண வாசகருக்கு எட்டாத மொழியில் எழுதப்படுகின்றன. கல்லூரிக்கு வெளியே கால் வைக்காத ஆய்வுகளும் உண்டு. பொருளியலிலும் சட்டத்திலும் இதே குறை இருக்கிறது. அதற்காக அந்தப் படிப்புகளுக்கு உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி யாரும் மேடையேறியதில்லை. இந்தக் குறைக்கு மருந்து, நம் வீட்டு மொழி தெரிந்த, நம் பாட்டிமாரோடு உட்கார்ந்து பேசக்கூடிய தமிழ்ப் பிள்ளைகள் இத்துறைக்குள் அதிகமாகப் போவதுதான். இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களின் வாழ்க்கை இன்னும் பெரும்பகுதி எழுதப்படாமல் கிடக்கிறது. தோட்டத்திலிருந்து வந்து மருத்துவமனைகளில் துடைத்துப் பெருக்கிய அம்மாக்களின் கதையை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஐயா, உங்களிடம் நேராகவே சொல்கிறேன். ஒரு படிப்பு பிடிக்கவில்லை என்பது உங்கள் உரிமை. உங்கள் பணத்தை எங்கே கொடுப்பது என்பதும் உங்கள் விருப்பம். சமூகம் திரட்டிய நிதிக்கு அந்த விருப்பத்தை நிபந்தனையாக்கக் கேட்டது தவறு. அந்த நிதியில் கைம்பெண்ணின் பணமும் இருக்கிறது, தையல் வேலை பார்த்தவரின் பணமும் இருக்கிறது. அரங்கில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளில் சிலர் அன்று இரவே தங்கள் விண்ணப்பத்தில் பாடத்தை மாற்றியிருக்கக்கூடும். அந்தப் பிழையைத் திருத்த உங்களால் முடியும். அடுத்த மேடையில் ஏறி, அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லுங்கள்.

பெற்றோரே, பிள்ளை என்ன படிக்க விரும்புகிறாள், எந்தப் பட்டத்தோடு சேர்த்துப் படிக்கிறாள், பிறகு என்ன வேலைக்குப் போக நினைக்கிறாள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையைத் தடுக்காதீர்கள். நிதிப் பொறுப்பாளர்களே, விண்ணப்பத்தில் பாலினக் கல்வி என்ற பெயரைக் கண்டதும் தாளை ஒதுக்கிவைக்காதீர்கள். மற்ற மாணவர்களிடம் கேட்கும் அதே கேள்விகளை இவளிடமும் கேளுங்கள். தகுதி இருந்தால் உதவித்தொகையைக் கொடுங்கள்.